விசிட் விசாவில் சிங்கப்பூர் போய், பிறகு வேலை பெர்மிட்டாக மாற்றிக்கொள்ள முடியுமா?

கட்டுமான வேலைக்குப் போகும் தம்பியிடம் ஏஜென்ட் அப்படித்தான் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். விசிட் பாஸில் இருப்பவர் அங்கே கூலி வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் தண்டனை அவருக்கும் உண்டு.

சரியான வழி இதற்கு நேர் எதிரானது. முதலில் இங்கேயே ஸ்கில் டெஸ்ட் தேற வேண்டும். பிறகு சிங்கப்பூர் கம்பெனி மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்கும். அனுமதி கிடைத்தால் ஐபிஏ என்ற கடிதம் வரும். அது கையில் வந்த பிறகுதான் விமான டிக்கெட். அங்கே இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் பெர்மிட் அட்டை.

அந்த ஐபிஏ கடிதத்தை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் அதில் உள்ள தொகையும் ஒன்றா என்று பாருங்கள். பல குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான், எனக்கு இதில் ஆற்றாமை அதிகம். கடிதம் உண்மையானதா என்பதை அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். காசு கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்கு லெவி என்ற கட்டணம் கட்டுகிறார். அதோடு 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைத்தொகைக்கும் அவரே பொறுப்பு. இரண்டையும் தம்பியின் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தராது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

இந்தியாவில் ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு தேவை. இ-மைக்ரேட் என்ற இந்திய அரசின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.