கடைப் பெயரில் இன்னொருவர் .இன் டொமைன் பதிந்துவிட்டால்

அல்சூர் இனிப்புக் கடைக்கு வெப்சைட் செய்தவரே .இன் டொமைனை, அதாவது .இன் என முடியும் வெப்சைட் முகவரியை, தன் பெயரில் பதிந்துவிட்டு இப்போது லட்சத்தில் பணம் கேட்கிறார், உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்புக்கு எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார், வீண் வேலை. .இன் பெயர்களை நிர்வகிப்பது டெல்லியில் உள்ள நிக்ஸி என்ற அமைப்பு. .இன் பெயர்த் தகராறுகளுக்கான ஐஎன்டிஆர்பி விதிப்படி அங்கேதான் புகார், நடுவர் விசாரிப்பார். பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு, அவருக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கம் இருக்கிறது என மூன்றையும் காட்ட வேண்டும். கடைசியானதை நிரூபிப்பதுதான் பொதுவாக இழுக்கும். ஆனால் பதிவுச் செலவுக்கு மேல் பல மடங்கு கேட்ட அந்த வாட்ஸப் செய்தியே உங்களுக்குச் சாட்சி, அழித்துவிடாதீர்கள். டிரேட்மார்க் இல்லையென்றால் பழைய பில், ஜிஎஸ்டி சான்று, போர்டு போட்டோ எல்லாம் சேர்த்து வையுங்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். பல பேர் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அப்புறம், .காம் காலியாக இருந்தால் இன்றே வாங்குங்கள், உங்கள் பெயரில்!