சின்த் பேஸை நான்கு தந்தியில் கொண்டுவர முடியுமா?

கேள்வி: எங்கள் இசைக்குழு கோலாலம்பூர் வட்டாரத்துத் திருமண விருந்துகளில் 80, 90களின் தமிழ்ப் பாடல்களை வாசிக்கிறது. கீபோர்டு வாசிப்பவர் ஒருவர்தான். ஸ்டிரிங்ஸ், குழல், இடையிசை என்று அவருடைய இரண்டு கைக்கும் ஓய்வில்லை. அதனால் சின்தசைசரில் வரும் பேஸையும் நான்தான் நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் வாசிக்கிறேன். ஆக்டேவ் பெடல், ஃபஸ், ஆட்டோ வா மூன்றும் வாங்கிவிட்டேன். தாழ்ந்த நோட்டில் ஆக்டேவ் பெடல் தடுமாறிக் கரகரக்கிறது. ஆட்டோ வாவைப் போட்டால் தாழ்ந்த அடிச்சத்தமே காணாமல் போகிறது. மண்டபத்தில் எல்லாம் குழம்பிவிடுகிறது. சின்த் பெடல் ஒன்று வாங்கினால் சரியாகுமா?
— வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, பணத்தை இப்போது எடுக்காதீர்கள். இருக்கிற மூன்று பெடலை வைத்தே முக்கால்வாசி தூரம் போய்விடலாம். கழுத்தில் எந்த இடத்தில் வாசிக்கிறீர்கள், பெடல்களை எந்த வரிசையில் இணைத்திருக்கிறீர்கள், நோட்டை எங்கே நிறுத்துகிறீர்கள் என்ற மூன்றையும் முதலில் பார்ப்போம். மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆனால் உங்களைத் தொல்லைப்படுத்துவது ஆக்டேவ் பெடல் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய பாணி ஆக்டேவ் பெடல், உள்ளே வரும் அலை ஏறி இறங்கும் சுற்றுகளை எண்ணி, இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று கீழ் ஆக்டேவை உருவாக்குகிறது. பாஸ் (Boss) நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஓசி-2 இந்த வகைதான். எண்ணுவதற்கு அதற்குத் தெளிவான அடிப்படைச் சுருதி வேண்டும். திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தத் தடித்த தந்தியில், அதுவும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பில், அடிப்படைச் சுருதியைவிட அதன் மேல் ஆக்டேவ் பலமாகக் கேட்கும். பெடல் எதை எண்ணுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே தாவுகிறது. நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான். ஒருவேளை சரியாக எண்ணிவிட்டாலும் கிடைப்பது 20 ஹெர்ட்ஸ். மண்டபத்து ஸ்பீக்கரில் அது வெறும் காற்று.

ஆகவே தாழ்ந்த ஈ வேண்டுமானால் திறந்த தந்தியைத் தொடாதீர்கள். ஏ தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டில் வாசியுங்கள். அது 82 ஹெர்ட்ஸ். பெடல் அதை 41ஆக இறக்கித் தரும். பாட்டில் உள்ள அதே உயரம் வந்துவிடுகிறது. அதே ஈ, டி தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டிலும் உண்டு. ஆனால் 7ஆம் ஃப்ரெட்டில் ஒலி உருண்டையாக இருப்பதால் பெடல் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் மட்டும் போதும். டோன் நாபை முழுக்க மூடிவிட்டு, தேவைப்பட்டால் கொஞ்சம் திறங்கள். விரல் தந்தியைத் தட்டும் இடம் கழுத்து முடியும் இடத்துக்கு அருகில் இருக்கட்டும். பெடலில் ஒரு ஆக்டேவ் கீழே உள்ள நாபை நன்றாக ஏற்றி, இரண்டு ஆக்டேவ் நாபைப் பூஜ்யத்தில் வையுங்கள். நேரடி ஒலி கால்பங்கு இருந்தால் சுருதி தெளிவாகக் கேட்கும்.

இந்த வகைப் பெடலால் ஒரு நேரத்தில் ஒரு நோட்டைத்தான் பிடிக்க முடியும். பக்கத்துத் தந்தி லேசாக அதிர்ந்தாலும் குழம்பும். டிஸ்கோ பாணியில் ஆக்டேவ் தாவும் இடங்களில் இது நன்றாகத் தெரியும்: ஏ தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டிலிருந்து ஜி தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டுக்குப் போகும்போது, கீழ் நோட்டை அமர்த்திய பிறகே மேல் நோட்டைத் தட்ட வேண்டும். இரண்டும் ஒரு கணம் சேர்ந்து ஒலித்தால் பெடல் வழுக்கிவிடும்.

இப்போது வரிசை. கிட்டாரிலிருந்து முதலில் ஆக்டேவ், அடுத்து ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ், அதன்பின் ஃபில்டர், அதாவது உங்கள் ஆட்டோ வா. ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஆக்டேவ் பெடலை வைத்தால் அது எண்ணவேண்டிய அலை ஏற்கெனவே ஹார்மோனிக்ஸால் (அடிப்படைச் சுருதிக்கு மேலே சேர்ந்து ஒலிக்கும் சுருதிகளால்) நிரம்பியிருக்கும், மறுபடி தடுமாற்றம்தான். இந்த வரிசையின் தர்க்கம் சின்தசைசரிலேயே இருக்கிறது. 1970இல் வந்த மினிமூகில் ஆசிலேட்டர்கள் ரம்பப் பல் அலையையோ சதுர அலையையோ தருகின்றன. அந்த ஹார்மோனிக்ஸை ஃபில்டர் செதுக்குகிறது. உங்கள் இணைப்பில் ஆசிலேட்டர் வேலையை ஆக்டேவும் ஃபஸ்ஸும் சேர்ந்து செய்கின்றன. ஃபஸ் இல்லாமல் ஃபில்டரை மட்டும் போட்டால் செதுக்குவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இராது.

ஆட்டோ வாவில் அடிச்சத்தம் காணாமல் போவதற்குக் காரணம், அது பேண்ட் பாஸ் முறையில் இருப்பதாகத்தான் இருக்கும். கிட்டாருக்காகச் செய்த ஆட்டோ வாக்கள் பெரும்பாலும் இப்படித்தான்: நடுப்பகுதியை மட்டும் விட்டு, மேலும் கீழும் வெட்டிவிடும். சின்த் பேஸுக்கு வேண்டியது, அடிப்பகுதியை விட்டு மேலே மட்டும் வெட்டும் லோ பாஸ். பெடலில் முறை மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் லோ பாஸுக்கு மாற்றுங்கள். அது இல்லாமல் நேரடி ஒலியைக் கலக்கும் நாப் மட்டும் இருந்தால் பாதிக்குப் பாதி கலந்து சமாளிக்கலாம். இரண்டும் இல்லாத பெடலை மட்டும் மாற்றத்தான் வேண்டும். ஸ்வீப் மேல்நோக்கி இருக்கட்டும். தட்டியதும் திறந்து, நோட்டு தணியத் தணிய மூடிக்கொள்வதுதான் பெரும்பாலான சின்த் பேஸின் குணம். ரெசொனன்ஸ் பாதிக்குக் கீழே. அதற்கு மேல் ஏற்றினால் ஒவ்வொரு நோட்டும் விசில் அடிக்கும், மிக்ஸரில் இருப்பவர் உங்கள் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஆட்டோ வா உங்கள் விரலின் பலத்தைப் பார்த்துத் திறக்கிறது. ஃபஸ்ஸோ மெதுவாகத் தட்டியதையும் பலமாகத் தட்டியதையும் ஒரே மட்டமாக்கிவிடுகிறது. அதனால் ஃபில்டர் திறந்தபடியே நின்றுவிடும். முதலில் ஃபஸ்ஸின் வால்யூமைக் குறையுங்கள்; பெடலை மிதித்தாலும் எடுத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். பிறகு ஃபில்டரின் சென்சிட்டிவிட்டியைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி, பலமான தட்டலுக்கு மட்டும் முழுக்கத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்படியும் மூடவில்லை என்றால் ஃபில்டரை ஃபஸ்ஸுக்கு முன்னால் கொண்டுவந்து, ஃபஸ்ஸின் கெயினைப் பாதிக்குக் கீழே வையுங்கள். ஸ்வீப்பின் வீச்சு கொஞ்சம் குறையும், ஆனால் விரலுக்குக் கட்டுப்படும். மேடைக்கு நான் இதையே விரும்புவேன். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் க்யூ ட்ரான் ப்ளஸ் போன்ற சில பெடல்களில், வேறொரு பெடலை நடுவில் இணைக்க ஒரு லூப் இருக்கிறது. ஃபஸ்ஸை அதற்குள் இணைத்தால் ஃபில்டர் உங்கள் சுத்தமான ஒலியைப் பார்த்தே திறக்கும்.

இனி கை. சின்தசைசரில் விசையை அழுத்தினால் ஒலி உடனே வந்து, எடுக்கும் வரை ஒரே பலத்தில் நின்று, எடுத்ததும் அறுந்துவிடும். தந்தி அப்படியல்ல: தட்டியதும் ஒரு டொக், பிறகு தணிவு, கையை எடுத்தாலும் மிச்ச ஓசை. எவ்வளவு நல்ல பெடல் போட்டாலும் இந்த மிச்ச ஓசை இருக்கும்வரை கேட்பவருக்கு அது கிட்டார்தான். டெம்போ 120இல் ஒரு பதினாறில் ஒரு பங்கு நோட்டின் நீளம் 125 மில்லி செகண்ட். சீக்வென்சரில் ஓடும் பேஸ் பலவற்றில் அதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் ஒலி; மீதி அமைதி. அந்த அமைதியை வாசிக்கப் பழகுங்கள். பெடல் எதுவும் இல்லாமல், மெட்ரோனோமை 80இல் வைத்து, எட்டில் ஒரு பங்கு நோட்டுகளை வாசியுங்கள். இடது கை விரலைத் தந்தியிலிருந்து முழுக்க எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். அதே நேரம் வலது கையில் அடுத்துத் தட்டப்போகும் விரல் தந்தியின்மேல் வந்து அமரட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒலி சுத்தமாக அறும். ஒரே விரலால் தட்டினால் எல்லா நோட்டும் சம பலத்தில் வரும். கோஸ்ட் நோட், வைப்ரேட்டோ, அலங்காரத்துக்காக இழுக்கும் ஸ்லைடு எதுவும் வேண்டாம். சின்தில் போர்ட்டமென்டோ (ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வது) வரும் இடத்தில் மட்டும், மறுபடி தட்டாமல் ஒரே தந்தியில் இழுத்துப் போங்கள்.

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் தந்திகளுக்கு அடியில் செருகிப் பாருங்கள். தந்தியை லேசாகத் தொட்டால் போதும். அழுத்தித் தூக்கினால் சுருதி ஏறிவிடும். மிச்ச ஓசை பெருமளவு அடங்கும். நீட்டி வாசிக்கும் பாட்டு வந்தால் உருவிவிடலாம். கம்ப்ரஸர் கையில் இருந்தால் கடைசியில் வையுங்கள்: விகிதம் நான்குக்கு ஒன்று, அட்டாக் வேகமாக. முன்னால் வைத்தால் ஃபில்டருக்குத் தேவையான ஏற்ற இறக்கத்தை அதுவும் விழுங்கிவிடும்.

எல்லா சின்த் பேஸும் இந்த வழிக்கு வராது. யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் வந்தது 1983இல். ஒரு அலையால் இன்னொரு அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் அதன் எஃப்எம் முறையில் உருவான பேஸ், கண்ணாடியைத் தட்டியதுபோல் கூர்மையாகத் தொடங்கும். அந்த நிறம் கேட்கும் பாட்டுக்கு ஃபஸ்ஸையும் ஃபில்டரையும் அணைத்துவிடுங்கள். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப், புதிய ரவுண்ட்வுண்ட் தந்தி, பிக், கொஞ்சம் கம்ப்ரஷன், மெல்லிய கோரஸ். ஆக்டேவ் பெடலும் வேண்டாம். எனவே பாட்டை ஹெட்போனில் கேட்டு, தொடக்கம் மந்தமா கூர்மையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மண்டபத்தில் குழம்புவதற்குப் பாதிக் காரணம் நீண்ட நோட்டு. அதைக் கையாலேயே சரிசெய்துவிடுவீர்கள். மீதி, அடியிலிருக்கும் தேவையற்ற அதிர்வு. ஆம்ப்பிலோ மிக்ஸரிலோ 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸால் வெட்டச் சொல்லுங்கள். கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு அனுப்பும் டி.ஐ. பாக்ஸ் பெடல்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சில நேரம் அவசரத்தில் முன்னாலேயே செருகிவிடுவார்கள், அப்போது சபைக்குப் போவது வெறும் கிட்டார். சவுண்ட் செக்கில் கிக் டிரம்மோடு சேர்த்து வாசியுங்கள். தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் ஃபஸ், கிக் வந்ததும் கரைந்துபோனால், ஆக்டேவைக் குறைத்து நேரடி ஒலியைக் கூட்டுங்கள்.

சின்த் பெடல் விஷயம். இவ்வளவும் கைவந்த பிறகு வாங்கினால் அது உங்களுக்குப் பயன்படும். முன்னால் வாங்கினால் அதுவும் தடுமாறும். வாசிக்கும் சுருதியைக் கண்டுபிடித்துப் புது ஒலி எழுப்பும் பெடலுக்கு அலையின் ஒரு முழுச் சுற்றாவது தேவை. 41 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 24 மில்லி செகண்ட், 82இல் 12. தாழ்வாக வாசித்தால் ஒலி தாளத்துக்குப் பின்தங்குவது இதனால்தான். கடைக்கு உங்கள் சொந்தக் கிட்டாரையே கொண்டுபோங்கள். 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து 12 வரை ஒவ்வொரு தந்தியிலும் வேகமான பதினாறில் ஒரு பங்கு நோட்டுகளை வாசித்து, நோட்டு தப்புகிறதா என்று பாருங்கள். அடாப்டரையும் கேட்டுவிடுங்கள். இவை பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஆனால் டிஜிட்டல் பெடல்கள் ஃபஸ்ஸைவிடப் பல மடங்கு மில்லி ஆம்பியர் இழுக்கும். அடியில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து, அதற்கென்று தனி அவுட்புட் கொடுங்கள். ஒரே வயரில் எல்லாவற்றையும் தொடுத்தால் ஃபஸ்ஸைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கீச்சொலி கூடவே வரும்.