வீட்டிலிருந்து வேலை: நாற்காலி வாங்கும் முன் மேசையின் உயரத்தைப் பாருங்கள்

வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய சில மாதங்களிலேயே கழுத்தும் இடுப்பும் வலிக்கின்றன, மாலையானால் கண் எரிகிறது, நல்ல விலை கொடுத்து அலுவலக நாற்காலி ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2020 மார்ச் மாத ஊரடங்கிலிருந்து கோயம்புத்தூரில் என் வீட்டிலேயே மென்பொருள் பணியைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், நாற்காலி மூன்றாவதாக வரவேண்டிய செலவு. முதலில் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள். அடுத்து, இருக்கும் மேசையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகவே இருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்துவிடுவதால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு நேராக உயர்த்தினால் கைகளும் தோள்களும் தூக்கிக்கொள்கின்றன. எவ்வளவு விலையுயர்ந்த நாற்காலியில் அமர்ந்தாலும் இந்த முரண் தீராது. குனிவதன் சுமை சாதாரணமானது அன்று. நேராக இருக்கும்போது சுமார் 5 கிலோ எடையுள்ள தலை, 30 பாகை முன்னே சாய்ந்தால் கழுத்தெலும்புகளின் மேல் ஏறத்தாழ 18 கிலோவாகவும், 60 பாகை சாய்ந்தால் 27 கிலோவாகவும் அழுத்துகிறது என்று அமெரிக்க முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணினி மாதிரி ஒன்றின் மூலம் கணக்கிட்டார். மாதிரிக் கணக்குதான் என்றாலும், மாலை நேரத்தில் பிடரி ஏன் கல்லாக இறுகுகிறது என்பதை அது விளக்கிவிடுகிறது. ஆகவே, மடிக்கணினியை உறுதியான பெட்டி ஒன்றின் மேலோ பழைய தடித்த புத்தகங்களின் மேலோ ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்குமாறு வைத்துவிட்டு, தட்டச்சைத் தனி விசைப்பலகையில் செய்யுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற இந்த ஒரு மாற்றம், காசு கொடுத்து வாங்கும் வேறு எதையும்விட அதிகப் பலன் தரும்.

அடுத்தது மேசை. நம் வீடுகளில் பெரும்பாலும் உணவு மேசைதான் அலுவலக மேசையாகிறது. அதன் உயரம் சுமார் 75 செ.மீ., அதனுடன் வரும் நாற்காலியின் இருக்கை சுமார் 45 செ.மீ. ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு, குறிப்பாக நம் பெண்களில் பலருக்கு, இந்த மேசை மிக உயரம். முழங்கையைத் தொண்ணூறு பாகைக்கு மடக்கி அமர்ந்தால் கை மேசைவிளிம்புக்குக் கீழே நிற்கும். அதை மேலே கொண்டுவர, நம்மை அறியாமலே நாள் முழுவதும் தோள்களைத் தூக்கிப் பிடித்திருப்போம். கெட்டியான தலையணையோ மடித்த ஜமக்காளமோ இருக்கையில் போட்டு உயர்த்தினால் கை சரியாகும், ஆனால் பாதங்கள் தரையில் பதியாமல் தொங்கத் தொடங்கி, தொடையின் அடிப்பகுதி அழுந்தும். அதற்கு ஒரு மரப்பலகையோ இரண்டு செங்கற்களோ காலடியில் போதும் (திரைக்கு முட்டுக்கொடுக்கப் புத்தகம் ஆகும், அதன் மேல் கால் வைக்க நமக்கு மனம் ஒப்பாது). பிளாஸ்டிக் நாற்காலியானால் அதன் முதுகு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் என்பதால், இடுப்பின் வளைவில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். இவற்றையெல்லாம் செய்த பிறகும் இடுப்பு வலித்தால் நாற்காலி வாங்கலாம். அப்போது விலையையோ பெயரையோ பார்க்காமல், உயரம் மாற்ற முடிகிறதா, இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி கிடைக்கிறதா என்று கடையிலேயே அமர்ந்து பாருங்கள்.

இனி, என் கருத்தில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதைச் சொல்கிறேன். அலுவலகம் நம்மிடம் கேட்காமலே நம்மை நடக்க வைத்தது: பேருந்து நிறுத்தம், மாடிப்படி, கேன்டீன், அடுத்த பிரிவில் இருப்பவரின் இருக்கை. வீட்டில் படுக்கைக்கும் மேசைக்கும் இடையே பத்தடிதான். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தையே அவை நம்பியிருக்கின்றன, அதற்கு உடல் அசைவது உதவுகிறது. எனவே மிகச் சரியான நிலையில் அமர்ந்தாலும் அசையாமல் அமர்ந்திருப்பது தவறுதான். அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்துவிடுங்கள். இதை நினைவில் வைத்துச் செய்வது கடினம் என்பதால், வீட்டின் ஒழுங்கையே மாற்றிவிடுவது நல்லது. மேசையில் பெரிய பாட்டில் வைக்காமல் ஒரு டம்ளர் மட்டும் வைத்தால், தண்ணீருக்காக எழுந்தே ஆகவேண்டும். திரையைப் பார்க்கத் தேவையில்லாத அழைப்புகளை நடந்துகொண்டே பேசலாம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை, மாலையில் மொட்டை மாடியில் வேகமாக நடந்தே எட்டிவிட முடியும்.

கண் எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இமைக்க மறப்பதுதான். இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தொலைவில் உள்ள ஒன்றை இருபது நொடி பார்த்து, நன்றாக இமையுங்கள். மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ நேராக முகத்தில் படக்கூடாது. சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும்.

வேலை நேரத்துக்கு ஒரு முடிவு வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு நிலைமை இன்னும் கடுமையானது, ஏனென்றால் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் கால்மணி நேரமும் அடுப்படியில் போய்விடுகிறது. நின்றுகொண்டு காய் நறுக்குவது ஓய்வாகாது. அந்த இடைவேளை உங்களுடையது என்பதை வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசிப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வலி கைக்கோ காலுக்கோ பரவினாலும், விரல்கள் மரத்துப்போனாலும், பிடியில் வலு குறைந்தாலும், இரவுத் தூக்கத்தைக் கெடுத்தாலும், மேலே சொன்னவற்றைச் செய்து பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எலும்பு மூட்டு மருத்துவரிடம் உடனே காட்டி, அவர் பரிந்துரைத்தால் பிசியோதெரபிப் பயிற்சிகளை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.