ராணுவத்தினருக்குக் கலைச் சிகிச்சை: கேள்வி பதில்

ராணுவத்தினரோடும் ஓய்வு பெற்றவர்களோடும் வேலை செய்யும் கலைச் சிகிச்சையாளர் நான். வரைவது, களிமண்ணில் செய்வது போன்றவற்றின் வழியே மனக்காயத்தை ஆற்ற உதவுவதுதான் கலைச் சிகிச்சை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் கணவர் முன்னாள் ராணுவ வீரர். பள்ளிக்கூடத்தோடு வரைவதை விட்டவர். அவருக்கு இது சரிப்படுமா?

தாராளமாக. யாரும் மார்க் போடப் போவதில்லை. வெறும் கிறுக்கல், களிமண், பழைய பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டுவது, எதுவும் போதும். வற்புறுத்தி மட்டும் அழைத்து வராதீர்கள், அம்மா.

பேசிச் சரிசெய்ய முடியாததைப் படம் எப்படிச் சரிசெய்யும்?

போர்க்கள நினைவு பெரும்பாலும் வரிசையான கதையாகத் தங்குவதில்லை. ஒரு காட்சி, ஒரு சத்தம், எரிந்த நாற்றம் எனத் துண்டு துண்டாகக் கிடக்கும். மன அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் அந்த நினைவுக்குத் திரும்பும்போது, பேச்சுக்கு உதவும் ப்ரோகா பகுதியின் இயக்கம் தணிவதை 1996-இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வொன்று காட்டியது. சொல்ல வாய் வராமல் பலர் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காகிதத்தில் இறக்கி வைத்த பிறகு அந்த நினைவு கண்ணெதிரே மேசைமேல் இருக்கிறது. கவிழ்த்து வைக்கலாம், உறையில் போட்டு மூடலாம், அடுத்த வாரம் எடுத்துப் பார்க்கலாம். இதுவரை நினைவு அவரை ஆட்டிவைத்தது. இப்போது எப்போது பார்ப்பது என்பதை அவர் தீர்மானிக்கிறார். என் அனுபவத்தில், பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. அவசரப்படுத்தினால் வராது.

இது புதிதாகக் கிளம்பிய மோகமா?

இல்லை. ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரை 1942-இல் வைத்த பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில் என்பவரே முதல் உலகப் போரில் சிப்பாயாகவும் போர் ஓவியராகவும் இருந்தவர். காசநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது வரைவது தனக்கு உதவியதைக் கண்டு, மற்ற நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள ராணுவ மருத்துவ மையத்தில், மூளைக் காயமும் பி.டி.எஸ்.டி.யும் (பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) உள்ள வீரர்கள் முகமூடிகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். முகத்தை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு ஒரு மாதிரியும் மீதிக்கு வேறு மாதிரியும் தீட்டியவர்கள் உண்டு. வெளியே காட்டும் முகமும் உள்ளே இருப்பதும் வேறு என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. பி.டி.எஸ்.டி.க்கு, அதிர்ச்சி நினைவை நேரடியாக எடுத்துப் பேசும் சிகிச்சைகளுக்குத்தான் இப்போதைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. கலைச் சிகிச்சைக்கான ஆய்வுகள் இன்னும் குறைவு. மாத்திரைக்கோ அந்தச் சிகிச்சைகளுக்கோ பதிலாக அல்ல, அவற்றோடு கூடவே கலைச் சிகிச்சையை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பணியில் இருப்பவன். மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமா?

விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல, தம்பி. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: கோப்பில் என்ன எழுதுவார்கள், யார் பார்ப்பார்கள், படம் யாரிடம் இருக்கும்? தெளிவான பதில் கிடைத்தபின் தூரிகையைத் தொட்டால் போதும்.

அப்பா தாள் முழுக்கக் கறுப்பாகத் தீட்டுகிறார். இதற்கு என்ன அர்த்தம்?

நிறத்தை வைத்து யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. “இதைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறதா அப்பா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் சாவைப் பற்றிப் பேசினாலோ, பொருட்களை எல்லாருக்கும் கொடுத்துவிடத் தொடங்கினாலோ காத்திருக்காதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் துப்பாக்கியோ நிறைய மாத்திரைகளோ இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.