செக்யூரிட்டி தோளில் இரண்டு ஸ்டார்: கேள்வி பதில்

காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்று, இப்போது செக்யூரிட்டி ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போலீஸ் மாதிரி உடுத்தும் தனியார் காவலர்கள் பற்றி வந்த கேள்விகள் இவை.

வேளச்சேரி வாசகி: எங்கள் அபார்ட்மென்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசருக்குக் காக்கி, தோளில் இரண்டு ஸ்டார், சிவப்பு நீல ரிப்பன். இது சரியா சார்?

தப்பு. அது அப்படியே சப்-இன்ஸ்பெக்டர் தோள். 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். முப்படை, போலீஸ் சீருடையையோ அதுபோலத் தோன்றும் உடையையோ போட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போட்டவருக்கும் உண்டு, ஏஜென்சி முதலாளிக்கும் உண்டு.

மத்திய மாதிரி விதிகள் கேட்பது இவ்வளவுதான்: சட்டைக் கையில் ஏஜென்சியின் பேட்ஜ், தோளிலோ மார்பிலோ பதவியைக் காட்டும் பேட்ஜ், இடது பாக்கெட்டில் கயிறு கட்டிய விசில், லேஸ் ஷூ, தொப்பி. 'பதவியைக் காட்டும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடையில் போய் ஸ்டார் வாங்கிவிடுகிறார்கள். சட்டையைப் பார்த்து மயங்காதீர்கள், ஏஜென்சியின் உரிமத்தைக் கேளுங்கள்.

தாம்பரம்: காக்கி நிறமே கூடாதா?

நிறம் மட்டும் பிரச்சினை இல்லை. ஆட்டோ ஓட்டுபவரும் காக்கிதான் போடுகிறார். கொல்கத்தா போலீஸ் வெள்ளை. பார்த்ததும் போலீஸ் என்று எண்ண வைக்கிறதா என்பதே கேள்வி.

ஓசூர்: ரோந்து ஜீப்பில் சிவப்பு நீல விளக்கு வைத்திருக்கிறார்களே?

2017 மே 1 முதல் அமைச்சர் காரிலேயே சுழல்விளக்கு கிடையாது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கு போலீஸ், தீயணைப்பு போன்ற அவசரப் பணி வண்டிகளுக்குத்தான். போட்டோ எடுத்துப் போக்குவரத்து போலீஸுக்கு அனுப்புங்கள்.

மடிப்பாக்கம்: காக்கி பேன்ட், நீலச் சட்டை போடலாமா?

தாம்பரத்துக்குச் சொன்னதே.

திருச்சி: கடையில் திருடியவரை செக்யூரிட்டி பிடித்து வைக்கலாமா?

உங்களுக்கும் எனக்கும் உள்ள அதிகாரம்தான் அவருக்கும். கண்ணெதிரே நடந்த, ஜாமீனில் விட முடியாத, வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டு இந்த வகையில் வராது. ஷாம்பு பாட்டிலுக்காக ஆளை அறையில் பூட்டினால் மாட்டப்போவது செக்யூரிட்டிதான்.

அம்பத்தூர்: ஐயா, நானே செக்யூரிட்டி. சட்டை கம்பெனி கொடுத்தது, அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கும் தண்டனையா?

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஸ்டாரைக் கழற்றிவிட்டு, கழற்றியதாகக் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். உங்கள் கையில் அதுவாவது இருக்கும்.

கோவை: நான் ஏஜென்சி நடத்துகிறேன். எங்களை மட்டும் திட்டாதீர்கள் சார். சாம்பல் சட்டையில் அனுப்பினால் 'போலீஸ் மாதிரி ஆள் வேணும்' என்று அபார்ட்மென்ட் அசோசியேஷன்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

உண்மை. கேட்பது அவர்கள், ஆனால் 21-ஆம் பிரிவில் அவர்கள் பெயரே இல்லை. அதற்காக நீங்கள் தப்பிக்க முடியாது. 5,000 ரூபாய் உங்களுக்கு ஒரு செலவுக் கணக்கு. அம்பத்தூர்க்காரருக்கு அது பாதி மாதச் சாப்பாடு. ஒப்பந்தத்திலேயே உங்கள் சீருடையின் படத்தை ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

அம்பத்தூர் (மறுபடியும்): ஸ்டார் இருந்தால்தான் கார்க்காரர் கண்ணாடியை இறக்குகிறார் ஐயா. இல்லையென்றால் வாடா போடாதான்.

இதற்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. அந்த மரியாதை ஸ்டாருக்கு, உங்களுக்கு இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேர் கத்தியோடு வந்தால், ஸ்டாரைப் பார்த்த குடியிருப்புவாசிகள் உங்களைத்தான் முன்னே தள்ளுவார்கள். வாய் தவறிக்கூட 'நான் போலீஸ்' என்று அதிகாரம் காட்டாதீர்கள். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவு, குறைந்தது ஆறு மாதம், மூன்றாண்டு வரை சிறை.

கோவை: அப்படியென்றால் அசோசியேஷனையும் சட்டத்தில் சேர்க்கச் சொல்லலாமே?

சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆவடி: சார், காக்கி...

தாம்பரம், மடிப்பாக்கம். உரிமத்தைக் கேளுங்கள்.

மதுரை: செக்யூரிட்டிக்குத் துப்பாக்கி லைசன்ஸ் எப்படி வாங்குவது?

அது ஆயுதச் சட்டம். கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.