பணியாளர் ஈடுபாடு என்றால் என்ன? அது எங்கிருந்து வருகிறது?

சம்பளத்துக்குச் சரியாக உழைப்பதோடு நிற்காமல், 'இது என் வேலை, நல்லா வரணும்' என்று மனசும் சேர்ந்து இயங்குவதுதான் பணியாளர் ஈடுபாடு. கல்யாணப் பந்தியில் கூலிக்குப் பரிமாறுபவர் இலையைப் பார்ப்பார். பெண்ணின் சித்தப்பா சாப்பிடுபவர் முகத்தையும் பார்ப்பார். அந்த வித்தியாசம்தான்.

இது ஆளின் குணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, சொல்லாமல் லீவு போடுவதற்கும் மட்டமான தரத்துக்கும் பேர்போனது. 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் கூட்டு சேர்ந்து 'நும்மி' என்று திறந்தபோது, பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். ஆனால் நும்மியில் பழுது கண்ணில் பட்டால் யாரும் ஒரு கயிற்றை இழுக்கலாம் என்று இருந்தது. உடனே சரியாகாவிட்டால், கார்கள் வரிசையாக நகர்ந்து உருவாகும் அசெம்பிளி லைனே நின்றுவிடும். முன்பு லைனை நிறுத்துவது பெரிய குற்றம். நும்மியில் திட்டு விழவில்லை, உதவிக்கு ஆள் வந்தார். சீக்கிரமே தரம் உயர்ந்தது, லீவு குறைந்தது. கயிறு என்னமோ சாதாரணக் கயிறுதான். இழுக்கப் பயம் இல்லை என்பதுதான் சமாச்சாரம்.

அப்புறம், வெள்ளிக்கிழமை விளையாட்டும் இலவச பிரியாணியும் ஈடுபாடு ஆகாது: சந்தோஷமாக இருந்துகொண்டே வேலையில் ஒட்டாதவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு.