பட்ஜெட் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு எந்த ஐபீஸ் நல்லது, கூட என்னென்ன சாமான் வாங்கணும்?

கேட்டவர் நோர்வுட் பக்கம் இருக்க தம்பி. 20-60 எக்ஸ் (20லருந்து 60 மடங்கு பெருசா காட்டறது), முன்கண்ணாடி 60 மி.மீ. அகலம் இருக்க ஸ்கோப் ஒண்ணு ஒன்லைன்ல எடுத்திருக்கார், காசல்ரி டேம்லயும் தோட்டத்துலயும் பறவை பாக்க. 60ல வச்சா எல்லாமே மங்கலா ஆடுது, வேற ஐபீஸ் (கண்ணு வைக்கிற பக்கத்துக் கண்ணாடி) போட்டா சரியாகுமா, படத்த இன்னும் பெருசாக்கற பார்லோ லென்ஸ் வாங்கலாமா, வேற என்ன சாமான் தேவை, போன்ல படம் எடுக்க முடியுமா, இதுதான் கேள்வி.

தம்பி, ஸ்கோப் பழுதுன்னு நினைச்சு மனச விட்டுறாதீங்க. 60 எக்ஸ்ங்கறது பெட்டியில போடறதுக்கு நல்லா இருக்க நம்பர், நம்ம மலையில அதுக்கு வேலையே கிடையாது. ஏன்னு நீங்களே வீட்டு வாசல்ல நின்னு பாத்துக்கலாம். பகல்ல ஸ்கோப்ப வெளிச்சமான வானத்துப் பக்கம் திருப்புங்க, சூரியன் இருக்க பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண்ணு போயிடும். கண்ண ஒட்டாம ஒரு முழம் தள்ளி நின்னு ஐபீஸ பாத்தீங்கன்னா நடுவுல வட்டமா ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். 20ல வச்சா அது 3 மி.மீ. அகலம், ஸூம திருகத் திருக சுருங்கிட்டே வந்து 60ல 1 மி.மீ. தான் நிக்கும். முன்கண்ணாடி அகலத்த எத்தனை எக்ஸோ அதால வகுத்தா வர்ற கணக்கு அது. உங்க கண்ணுக்குள்ள போற வெளிச்சம் மொத்தமும் அந்தப் பொட்டு வழியாத்தான் போகணும், அகலம் மூணுல ஒண்ணா கொறஞ்சா படத்தோட வெளிச்சம் ஒன்பதுல ஒண்ணாயிடும். அதுலயும் நம்ம பக்கம் பாதி நாள் மூடுபனி, மீதி நாள் மேகம், மத்தியானம் வெயில் வந்தா டேம் தண்ணிக்கு மேல காத்து நெளியறது வேற, 60ல வச்சா பறவையோட சேத்து அந்த நெளிசலையும்தான் பெருசாக்கிப் பாக்கறீங்க.

அதனால பார்லோ வேணாம். அது இருக்கறத ரெண்டு மடங்கு பெருசாக்கும், 60 மி.மீ. கண்ணாடியால அதுக்கு மேல ஒரு விவரமும் தர முடியாது. ஐபீஸ் செட்டுன்னு ஒரு பெட்டியில பார்லோவும் கலர் பில்டர்களும் போட்டு விக்கிறாங்க, அதுவும் வானம் பாக்கறவங்களுக்கு செஞ்சது, பறவைக்கு எடுக்காதீங்க.

ஐபீஸ் மாத்தறதுன்னா முதல்ல உங்க ஸ்கோப்புல அது கழட்ட வருமான்னு பாருங்க. விலை கொறஞ்ச நிறைய மொடல்ல ஸூம் ஐபீஸ் உடம்போட சேந்தே வரும், அத கழட்ட முயற்சி பண்ணி உள்ள ஈரம் போக விட்டுறாதீங்க. கழட்டற மாதிரி இருந்து அது போற ஓட்டையோட உள்விட்டம் 31.75 மி.மீ. இருந்தா உங்களுக்கு நல்ல காலம், அதுதான் 1.25 இன்ச், டெலஸ்கோப்புக்கு விக்கிற சாதாரண ஐபீஸ் எல்லாம் அந்த சைஸ்தான். செலஸ்ட்ரோன் அல்டிமா மாதிரி ஸ்கோப் அப்படித்தான் வரும். சில கம்பெனி தன்னோட சொந்த மவுன்ட் வச்சிருக்கும், அதுக்கு அந்தக் கம்பெனி ஐபீஸ் மட்டும்தான் போகும், அதோட விலைய கேட்டுட்டு முடிவெடுங்க.

இப்ப கணக்கு. ஸ்கோப்போட போக்கல் லெந்த்த (முன்கண்ணாடி வெளிச்சத்த ஒரு புள்ளியில சேக்கற தூரம்) ஐபீஸ் மேல எழுதியிருக்க மி.மீ.யால வகுத்தா எத்தனை எக்ஸ்னு வரும். போக்கல் லெந்த் எங்கயும் எழுதலைன்னா ஸூம் ஐபீஸ பாருங்க, 8-24 மி.மீ.ன்னு இருந்து ஸ்கோப்புல 20-60ன்னு இருந்தா 24ஐ 20ஆல பெருக்குங்க, 480 மி.மீ. இனி எந்த ஐபீஸ் போட்டாலும் என்ன வரும்னு கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியதில்ல. ஆனா எக்ஸ மட்டும் பாத்து வாங்கினா பாதிக் கணக்குதான், எவ்வளவு அகலமா தெரியுதுங்கறதுதான் பறவை பாக்கறவனுக்கு உயிர். மலிவு ஸூம் ஐபீஸ்ல பெரிய குறை அங்கதான் இருக்கு, 20ல வைக்கிறப்ப அதோட பார்வைக் கோணம் 40 டிகிரி அளவுக்கு ஒடுங்கிடும், குழாய் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும். 40ஐ 20ஆல வகுத்தா 2 டிகிரி, அதாவது 300 மீட்டர் தூரத்துல பத்து மீட்டர் அகலம் மட்டும்தான் தெரியும். அதே ஸ்கோப்புல 20 மி.மீ., 66 டிகிரி ஐபீஸ் ஒண்ணு போட்டா 24 எக்ஸ் வரும், ஆனா தெரியற அகலம் 2.75 டிகிரி, 300 மீட்டர்ல பதினாலு மீட்டருக்கு மேல. பெருசாவும் தெரியுது, அகலமாவும் தெரியுது, காசும் ஸூம் ஐபீஸவிட கொறைவு. எஸ்விபோனி மாதிரி கம்பெனிங்க 20, 15, 9, 6 மி.மீ.ன்னு 66 டிகிரியில விக்கிறாங்க. உங்களுக்கு நான் சொல்றது அந்த 20 ஒண்ணுதான், கையில இன்னும் காசு இருந்தா 15ம் எடுங்க, அது 32 எக்ஸ். 9ம் 6ம் வேணவே வேணாம்.

நம்ம தோட்டத்துல இத எப்படி உணருவீங்கன்னா, எதிர் மலையில கொழுந்துக்கு நடுவுல நிக்கிற சவுக்கு மரத்துல ஒரு பாம்புண்ணிக் கழுகு வந்து உக்காரும் பாருங்க. 60ல வச்சா பழுப்பா ஒரு கட்டி, அதுவும் நிக்காம ஆடும். 24ல சின்னதாத்தான் இருக்கும் ஆனா கண்ணுக்கும் அலகுக்கும் நடுவுல இருக்க மஞ்சள் தோல் பளிச்சுன்னு தெரியும், வயித்துல வெள்ளைப் புள்ளிங்க தெரியும், அது தலைய திருப்பி கீழ எதப் பாக்குதுன்னு கூட சொல்லலாம். அந்த மஞ்சள் தெரிஞ்சிட்டா கழுகு எதுன்னு அடையாளம் பாதி முடிஞ்சது. கருங்கழுகு இன்னும் மோசம், மலை ஓரமா மெதுவா மிதந்துட்டு போயிட்டே இருக்கும், 2 டிகிரியில அத பிடிக்கறதுக்குள்ள அடுத்த டிவிசனுக்கு போயிடும். அகலம் வேணும்.

கண்ணாடி போடறவரா இருந்தா ஐ ரிலீப்னு ஒரு அளவு போட்டிருப்பாங்க, ஐபீஸுலருந்து கண்ண எவ்வளவு தள்ளி வச்சும் முழுப் படத்தையும் பாக்கலாம்ங்கற தூரம் அது, 15 மி.மீ.க்கு மேல இருக்கணும். ப்ளோசல்னு விலை கொறஞ்ச நல்ல ஐபீஸ் வகை ஒண்ணு இருக்கு, 25 மி.மீ. ப்ளோசல் அருமையான சாமான், ஆனா 10 மி.மீ. ப்ளோசல்ல ஐ ரிலீப் ஏழெட்டு மி.மீ. தான், கண்ணாடியோட பாக்கவே முடியாது, இமை முட்டும்.

ஐபீஸ வாங்கறதுக்கு முன்ன, இல்லாட்டி திருப்பிக் குடுக்கற நாள் முடியறதுக்கு முன்ன ஒரு விசயம் செஞ்சு பாத்துடுங்க. வானம் தெளிஞ்ச காலையில சிவனொளிபாதமலை உச்சியில இருக்க கட்டடத்த போக்கஸ் பண்ணுங்க. போக்கஸ் நொப் முடியறதுக்கு முன்ன ஷார்ப்பா வந்து அதத் தாண்டி மறுபடி மங்கினா சரி. நொப் முடிஞ்சும் ஷார்ப் வரலைன்னா அந்த ஐபீஸ் உங்க ஸ்கோப்புக்கு சேராது, திருப்பிடுங்க. ஓரத்துல கொஞ்சம் இருட்டு விழுந்தா பயப்படாதீங்க, உள்ள இருக்க பிரிஸம் சின்னதுன்னு அர்த்தம், அத பொறுத்துக்கலாம்.

கழட்ட முடியாத ஐபீஸா இருந்தா கவலை வேணாம், ஸூம 20லருந்து 30க்குள்ள வச்சுக்கிட்டு ஐபீஸ் காச அப்படியே ட்ரைபொட்ல போடுங்க. உண்மைய சொல்றேன், கழட்ட முடிஞ்சாலும் ட்ரைபொட்தான் முதல்ல. ஸ்கோப்போட பெட்டியில ஒரு சாண் உயரத்துல ஒரு ஸ்டாண்ட் வருமே, அத மேசையில வச்சு பாக்கலாம், டேம் கரையில அது நிக்காது. நல்ல கண்ணாடிய ஆட்டுற ட்ரைபொட்ல போட்டு பாக்கறதவிட, சுமாரான கண்ணாடிய ஆடாத ட்ரைபொட்ல போட்டு பாத்தா ரெண்டு மடங்கு விவரம் தெரியும். கடையில வாங்கறப்ப ஸ்கோப்ப கொண்டு போங்க, மாட்டி 30 எக்ஸ்ல தூர இருக்க ஒரு போர்ட் எழுத்த பாத்துக்கிட்டே குழாய விரலால லேசா தட்டுங்க, ரெண்டு செகண்டுக்குள்ள ஆட்டம் அடங்கணும், அடங்காம எழுத்து துள்ளிட்டே இருந்தா விலை எவ்வளவு கொறைச்சாலும் வேணாம். தலை பிளாஸ்டிக்ல இருக்கறத தவிர்த்து வீடியோவுக்கு விக்கிற ப்ளூயிட் ஹெட் பாருங்க, மெதுவா வழுக்கிக்கிட்டு திரும்பும், விட்ட இடத்துல நிக்கும். பழசு வாங்கினா இன்னும் நல்லது, கல்யாண வீடியோ எடுக்கறவங்க பழைய கனமான ட்ரைபொட்ட விப்பாங்க, டவுன்ல ஸ்டூடியோக்கள்ல கேட்டு வைங்க.

ட்ரைபொட்ட நிக்க வைக்கிற விதத்துலயும் விசயம் இருக்கு. நடுத்தண்ட உயத்தாதீங்க, அது உயந்தா எல்லாமே ஆடும். மொத்தமான கால முதல்ல நீட்டுங்க, மெல்லிசு கடைசியா. சரிவுல நிக்கிறப்ப ரெண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். ஜூன் ஜூலை காத்துக்கு நடுத்தண்டுக்கு கீழ பேக்க தொங்க விடுங்க, ஆனா பேக் லேசா தரைய தொடணும், இல்லாட்டி பேக்கே ஊஞ்சலாடி ஸ்கோப்ப ஆட்டும். ட்ரைபொட் வாங்க இன்னும் நாள் எடுக்கும்னா பழைய ஜீன்ஸ் கால் ஒண்ண வெட்டி ரெண்டு பக்கமும் தச்சு உள்ள பயறு போட்டுக்கோங்க, தோட்டத்துல கல்லுக்கா பஞ்சம், ஒரு பாறை மேலயோ மதில் மேலயோ அத வச்சு ஸ்கோப்ப அமுக்கினா எந்த ட்ரைபொட்டும் பக்கத்துல வர முடியாது.

காசே ஆகாத சாமான் ஒண்ணு, கேபிள் டை. சாஞ்ச ஐபீஸ் ஸ்கோப்புல பறவைய தேடிப் பிடிக்கறதுதான் புதுசா பாக்கறவங்களுக்கு பெரிய தொல்லை, கண்ணு கீழ பாக்குது, பறவை முன்னால இருக்கு. முன்கண்ணாடி மூடியிருக்க குழாய் மேல ஒரு கேபிள் டைய இறுக்கி வால ஒரு இன்ச் நிமிந்து நிக்கிற மாதிரி வெட்டுங்க. தூர ஒரு கோபுரத்த ஸ்கோப்புல நடுவுக்கு கொண்டு வந்துட்டு, குழாய் ஓரமா ஒத்தக் கண்ணால பாத்து அந்த வால் நுனி கோபுரத்துல படற மாதிரி நகத்தி வைங்க. அதுக்கப்புறம் நுனிய பறவைக்கு நேர வச்சா போதும், பறவை உள்ள இருக்கும்.

அடுத்தது ஈரம். நம்ம ஊர்ல ஸ்கோப்ப கொல்றது விழுந்து உடையறது இல்ல, பூஞ்சைதான். மழைக்காலத்துல வாரக்கணக்கா வெயில் காணாது, பேக்குக்குள்ளயே மூடி வச்சா கண்ணாடிக்குள்ள நூல் நூலா படரும், அது கோட்டிங்க அரிச்சிடும், தொடச்சா போகாது. காத்து புகாத மூடி போட்ட பெரிய அரிசி டப்பா ஒண்ணு, அதுக்குள்ள நெறம் மாறுற சிலிக்கா ஜெல், கூட ஈரம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு, அது 40லருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். ஜெல் நெறம் மாறினா தாச்சியில போட்டு இளஞ்சூட்டுல வறுத்தா திரும்ப பழைய நெறத்துக்கு வந்துடும், ஆனா அந்தத் தாச்சிய சமையலுக்கு எடுக்காதீங்க. சப்பாத்துப் பெட்டியில வர்ற பொட்டலம் நம்ம கைக்கு வரும்போதே ஈரத்த குடிச்சு முடிச்சிருக்கும், அத நம்ப வேணாம். நனைஞ்ச ஸ்கோப்ப நேரா டப்பாவுல வைக்காம வெளிய தொடச்சு வீட்டுக்குள்ள ஒரு ராத்திரி காய விட்டுட்டு வைங்க. ஜனவரி பனியில ஐபீஸ்ல மூச்சு பட்டு மூடிக்கும், சட்டை நுனியால தேய்க்காதீங்க, ரப்பர் புளோவர்ல ஊதிட்டு மைக்ரோபைபர் துணியால ஒத்துங்க, மாத்து ஐபீஸ் இருந்தா அத ஜேக்கட் உள்பொக்கட்ல வச்சுக்கோங்க, உடம்புச் சூட்டுக்கு மூடாது. மழைக்கு ஸ்கோப் மேல சொப்பிங் பேக் போடறவங்களுக்கு ஒரு சொல், ஹோட்டன் சமவெளி கேட்ல பொலித்தீன எடுத்துடுவாங்க, அங்க போறதுன்னா துணி ரெயின் கவர் கொண்டு போங்க.

எல்லா இடத்துக்கும் ஸ்கோப்ப சுமக்கவும் வேணாம். நுவரெலியா விக்டோரியா பார்க்ல குளிர்காலத்துல காஷ்மீர் ப்ளைகேச்சர், பைட் த்ரஷ், ஆறுமணிக்குருவி எல்லாம் வரும், ஆனா அதெல்லாம் பக்கத்துல, நிழல்ல, துள்ளிட்டே இருக்கறது. கால்வேஸ் லேண்ட் காட்டுக்குள்ளயும் அப்படித்தான். அங்கெல்லாம் 8க்கு 42 (8 எக்ஸ், 42 மி.மீ. முன்கண்ணாடி) பைனாகுலர்தான் சரி. ஸ்கோப்புக்கு ஏத்தது உங்க காசல்ரி, மவுசாக்கலை, எங்க தலவாக்கலை மேல் கொத்மலை டேம், ஹோட்டன் சமவெளி பத்தனைப் புல்வெளி, எதிர் மலைச் சரிவு, பாறை முகப்புல உக்காந்திருக்க ஷாஹீன் வல்லூறு. கூடு கட்டியிருக்க பறவைக்கும் ஸ்கோப்தான் நல்லது, கிட்ட போகாமலே பாத்துடலாம்.

போன் படத்துக்கு வந்தா, அடப்டர் வாங்கறப்ப ஐபீஸோட வெளி விட்டத்த அளந்துட்டு வாங்குங்க, கனமானது வேணாம், ஸ்கோப் முன்னால தூக்கிக்கும். 20லருந்து 30 எக்ஸுக்குள்ளதான் எடுக்கணும். இப்ப வர்ற போன்ல கெமரா மூணு நாலு இருக்கும், அது தானா ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு தாவினா படம் கருப்பாயிடும், அதனால ப்ரோ மோடுல போயி மெயின் கெமராவ பூட்டி வைங்க. ஓரத்துல கருப்பு வட்டம் வந்தா போன்ல லேசா ஸூம் பண்ணினா போயிடும். பட்டன விரலால அமுக்கினா எல்லாம் ஆடிடும், ரெண்டு செகண்ட் டைமர் போடுங்க, இல்லாட்டி வயர் இயர்போன் மாட்டி அதோட வொலியூம் பட்டன அமுக்குங்க, நிறைய போன்ல அது கெமராவ க்ளிக் பண்ணும். படம் போட்டிக்கு அனுப்பற மாதிரி வராது, ஆனா தண்ணியில நிக்கிற நீர்க்காகத்துக்கு அலகு கட்டையா நீளமான்னு வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாத்து பேர் கண்டுபிடிக்க தாராளமா போதும்.